மாப்பிள்ளை எடுத்த வகுப்பு

டிப்போவில் எனக்கு ஹாரன் அக்கா என்று பெயர். வண்டியில் ஹாரன் ரிப்பேரானாலும் ஜன்னல் வழியாக நான் ஒரு சத்தம் கொடுத்தால் முன்னால் போகிறவன் ஒதுங்கிவிடுவான் என்பதால் வைத்த பெயர். பஸ் ஓட்டுகிறவளுக்கு வாய் வேண்டும். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஒரு அறையில் மட்டும் ஒட்டிக்கொண்டது.

டீசல் வண்டிகளை எடுத்துவிட்டு பேட்டரி வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். எல்லா டிரைவரும் வகுப்புக்கு வந்தே ஆகவேண்டும் என்றார் மேனேஜர். நான் பார்க்காத வண்டியா என்று அலட்டலாகத்தான் போய் உட்கார்ந்தேன். போர்டுக்கு முன்னால் மார்க்கர் பேனாவோடு நின்றவர் என் மாப்பிள்ளை.

அவருக்கும் இதே டிப்போவில்தான் வேலை, பேட்டரி செக்‌ஷனில். மகளோடு எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். நான் உள்ளே வந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிற மனிதர். "மாமியாருக்கு நான்தான் பாடம் எடுக்கப்போறேன்" என்று வீட்டில் சொல்ல அவருக்கு எப்படி வாய் வரும்? வகுப்பில் என்னைப் பார்த்ததும் பேனாவின் மூடியைக் கீழே போட்டுவிட்டு, அதைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

எல்லோரும் அவரை சார் என்றார்கள். நான் என்ன என்று கூப்பிடுவது? மாப்பிள்ளை என்றால் வகுப்பே சிரிக்கும். சார் என்று சொல்ல நாக்கு புரளவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டு மனிதரை சார் என்பாளா ஒருத்தி? அதனால் எதுவுமே கூப்பிடவில்லை. கூப்பிடாமல் சந்தேகம் எப்படிக் கேட்பது? கேட்கவும் இல்லை.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனை ஒத்தை டயர் என்போம். ஒரு டயர் வெடித்த வண்டியை டிப்போ வரைக்கும் ஓட்டிவந்தவன். அவன் என் காதருகே குனிந்தான். "என்னக்கா, அஞ்சில் வளையாதது அம்பதில் வளையுமா? மாப்பிள்ளைகிட்ட மார்க் வாங்கணும்னா வீட்ல கவனிப்பு பலமா இருக்கணுமே!"

"வாயை மூடிக்கிட்டு போர்டைப் பாருடா" என்றேன். நான் போர்டைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் சட்டையில் ஒரு பட்டன் வேறு நிறத்தில் இருப்பதைப் பார்த்து, இதைக்கூடக் கவனிக்க மாட்டாளா இவள் என்று மகளை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் நன்றாகத்தான் சொன்னார். இப்போது யோசித்தால் ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் வருகிறது. இந்த வண்டி சத்தம் போடாது. சத்தம் இல்லை என்பதால் அணைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நின்றதும் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும், ஆனால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். இறங்குவதற்கு முன்னால் கியர் பட்டனை நியூட்ரலில் போடுங்கள், கை பிரேக்கைப் போடுங்கள், ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற திரை இருட்டாகிவிட்டதா என்று பாருங்கள்.

அதற்குப் பிறகு டயாக்ராம் போட்டார். அங்கே எனக்குக் கழன்றுவிட்டது. "புரிஞ்சுதா?" என்று ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்டார். என்னிடம் வந்ததும் என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக் கேட்டார். நான் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன். வண்டிக்குக் கூட்டிப்போய், "நீங்க ஒரு தடவை உட்கார்ந்து போட்டுப் பாருங்களேன்" என்றபோதும், "அதெல்லாம் தெரியுதே" என்று கையை வீசிவிட்டு இறங்கிவிட்டேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் நடை முடித்து வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். பக்கவாட்டுக் கண்ணாடி கொஞ்சம் உள்பக்கம் திரும்பியிருந்தது. இறங்கிச் சரிசெய்யலாம் என்று நினைத்தேன்.

பழைய வண்டியில் எங்களுக்கெல்லாம் ஒரு வழக்கம். ஷெட் சமதரை. என்ஜினை அணைத்துவிட்டு வண்டியைக் கியரிலேயே விட்டுவிட்டு இறங்குவோம். ஒரு அங்குலம் நகராது, பாறையாக நிற்கும். கை பிரேக்கை யார் தொட்டார்கள்? அந்தக் கையும் காலும் பழகிய பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. சத்தம் இல்லை, சரி, அணைந்துவிட்டது. கியரில் இருக்கிறது, சரி, நகராது. இறங்கிவிட்டேன்.

டீசல் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற அதே கியர்தான் இந்த வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு போகும் என்று என் மண்டையில் உறைக்கவே இல்லை.

கண்ணாடியில் கை வைத்தேன். கண்ணாடி என்னை விட்டுப் போனது. வண்டி பூனை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. எதிரே வண்டி கழுவுகிற அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து இன்னொரு வண்டியின் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் வந்தால்தானே திரும்புவாள்? அன்றைக்கு என் ஹாரன் உதவியது. "ஏய், ஓடு!" என்று நான் போட்ட கத்தலில் அவள் உருண்டாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் வாளி நசுங்கியது. வண்டி, நின்றிருந்த வண்டியில் மோதி நின்றது.

அவள் எழுந்து, முழங்கையில் சிராய்ப்போடு என் கையைப் பிடித்து, "உனக்கு ஒண்ணும் ஆகலையே அக்கா?" என்றாள். என்னைக் கேட்கிறாள்! என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேனேஜர் ரூமில் ஃபேன் ஓடியும் எனக்கு வேர்த்துக் கொட்டியது. "சொல்லுங்கம்மா, வண்டியை நிறுத்திட்டு இறங்குறது எப்படின்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்களா, இல்லையா?"

"சொல்லிக் குடுத்தாங்க, எனக்குத்தான் புரியல" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே வரிதான். இத்தனை வருஷம் ஓட்டின ஹாரன் அக்காவுக்கு வண்டியை நிறுத்தத் தெரியவில்லை என்று டிப்போ முழுக்கப் பேசுமே என்ற பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இல்ல சார். யாரும் சொல்லித் தரல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுத் திரும்பினால், வாசற்படியில் மாப்பிள்ளை நிற்கிறார். கையில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரை மேஜைமேல் வைத்தார். "ஆமா சார். அவங்களுக்கு நான் சரியா சொல்லாம விட்டிருப்பேன். தப்பு என்னோடதுதான்" என்றார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அப்போதாவது பேசியிருக்கலாம். பேசவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்தேன், வெட்கம் கெட்டவள்.

அவரை வகுப்பிலிருந்து எடுத்துவிடுவதாக மேனேஜர் சொன்னார். மறுநாள் காலையில் ஒரு வகுப்பு பாக்கி. அதைத் தானும் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு மேலிடத்துக்கு எழுதிவிடப் போகிறாராம். வகுப்பெடுப்பது மாப்பிள்ளைக்குச் சும்மா வந்த வேலை இல்லை. அதற்காக அவர் வெளியூர் போய்ப் படித்தார், பரீட்சை எழுதினார். முதல் தடவை தேறாமல் மறுபடி எழுதினார் என்று மகள் எப்போதோ சொல்லியிருக்கிறாள். அப்போது நான் சிரித்தேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். "கை காலில் அடி ஒண்ணும் படலையே அத்தை?" என்று கேட்டுவிட்டு அவர் ஓரமாக நின்றார். மகள் அவர்மேல் பாய்ந்தாள்.

"ஒழுங்கா சொல்லிக் குடுக்கத் தெரியலன்னா எதுக்கு வகுப்பு எடுக்கப் போறீங்க? எங்கம்மா வண்டிக்கு அடியில போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"தப்புதான். விடு" என்றார் அவர்.

"என்னத்த விடுறது? அம்மா, நீயாவது நாலு வார்த்தை கேளேன். மாப்பிள்ளைன்னா என்ன, தலையில கொம்பா முளைச்சிருக்கு?"

நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுத்தமாக இருந்த அடுப்பை. "விடுடி. ஆனது ஆச்சு" என்று அவளைச் சமாதானம் செய்தேன். பார்த்தீர்களா என் பெருந்தன்மையை? அவரை மன்னித்து விடுகிறவள் மாதிரி! மகளுக்கு அம்மாவைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்திருக்கும். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்தார். அவர் ஒரு பார்வை என்னை முறைத்திருந்தால்கூட எனக்குத் தேவலை.

காலையில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனேன். அந்த வகுப்பு எனக்கானது இல்லை, மிச்சமிருந்த டிரைவர்களுக்கு. ஒத்தை டயர் கதவருகே நின்றவன், "என்னக்கா, மறுபடியும் ஒண்ணாங்கிளாஸா?" என்றான். பதில் சொல்லாமல் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். மேனேஜர் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார், பிறகு தொடர்ந்தார்.

நிறுத்துகிற பாடம் வந்தது. நான் கையைத் தூக்கினேன்.

"சார்" என்றேன்.

அவர் கண்களைச் சிமிட்டினார். அந்த வார்த்தை அவருக்கும் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

"சார், இதை நீங்க எனக்குச் சொன்னீங்க. உட்கார்ந்து போட்டுப் பாருன்னும் சொன்னீங்க. நான்தான் மாட்டேன்னு இறங்கிட்டேன். எனக்கு அன்னிக்கே புரியல. உங்ககிட்ட போய்ப் புரியலன்னு சொல்றதான்னு வெட்கப்பட்டுக்கிட்டுத் தலையாட்டிட்டேன்." திரும்பி மேனேஜரைப் பார்த்தேன். "நேத்து உங்ககிட்ட பொய் சொன்னேன் சார். அந்தம்மா செத்திருந்தா அது என்னாலதான். இவர் மேல ஒரு தப்பும் இல்ல."

மானம் கப்பலேறியது. ஒத்தை டயரின் முகத்தில் ஈயாடவில்லை. அவனாவது சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மேனேஜர் எழுந்தார். "வகுப்பை இவரே நடத்தட்டும். நீங்க, இவர் சரின்னு சொல்ற வரைக்கும் ஸ்டியரிங் தொடக்கூடாது. மத்ததைப் பிறகு பேசலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மகளிடம் சொல்லவேண்டியது இன்னும் மிச்சம் இருந்தது.

மாப்பிள்ளை போர்டைத் துடைத்தார். முதலிலிருந்து ஆரம்பித்தார். கியர், பிடித்துக்கொள்வது, விடுவது, கை பிரேக், திரை. மெதுவாகச் சொன்னார். முடித்துவிட்டு, இந்தத் தடவை சுவரைப் பார்க்காமல் என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"புரிஞ்சுதா?"

என் தலை பழக்கதோஷத்தில் ஆடக் கிளம்பியது. கழுத்தை இறுக்கிப் பிடித்து நிறுத்தினேன்.

"இல்ல சார்" என்றேன். "இன்னொரு தடவை சொல்லுங்க."