இயக்குநரின் நிழல்

'மனிதக் கை படாமல் இயங்கும் சூரிய மின் நிலையம்' என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள். அத்தனை அழைப்பிதழையும் உறையிலிட்டு ஒட்டியவள் கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர். மாதக் கடைசியோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. வெயிலைக் கணிப்பது, போதாவிட்டால் டீசல் ஜெனரேட்டரை ஓட்டுவது எல்லாம் இனி புது மென்பொருளின் பொறுப்பு. அவள் வீட்டில் வேலைக்குப் போவது அவள் ஒருத்திதான்.

விழா காலை பதினொன்றுக்கு. "புகை என்ற சொல்லை இனிமேல் அகராதியில்தான் தேட வேண்டும்" என்று இயக்குநர் முழங்கியபோது, மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஒருமுறை கனைத்துவிட்டுக் கரும்புகையைக் கக்கியது. வானத்தில் மருந்துக்குக்கூட மேகமில்லை. இயக்குநர் இருமிக்கொண்டே பேச்சை முடித்தார். கைதட்டலுக்குக் குறைவில்லை.

மேலாளர் வியர்க்க விறுவிறுக்கக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார்.

"என்னம்மா இது, மானத்த வாங்கிடுச்சு?"

"மேகம் வந்துடுச்சுன்னு நினைக்குது சார்."

"எங்க மேகம்?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். வாசலில் இருபதடி உயரத்துக்கு இயக்குநரின் முகம் போட்ட பேனர். வெயிலை அளக்கும் கண்ணாடிக் குமிழின் மேல் அதன் நிழல் கச்சிதமாக விழுந்திருந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், இடது காதின் நிழல்.

"நேத்து கட்டும்போதே சொன்னேன் சார். தள்ளிக் கட்டினா கார்ல வர்றப்ப அவருக்குத் தெரியாதுன்னீங்க."

"சரி விடு. பதிவுல மேகம்னு எழுதிடு. அது என்ன, வந்து மறுப்பா சொல்லப்போகுது?"

"நாம எழுதுறதப் படிச்சுத்தான் சார் இது கத்துக்குது. மேகம்னு போட்டா தினம் பதினொண்ணுக்கு மேகம் வரும்னு நம்பி டீசல ஓட்டும்."

"ஓட்டிட்டுப் போகுது. நீதான் மாசக் கடைசியில கிளம்புறியே."

சுருக்கென்றது. மேகம் என்று எழுதினால் நல்ல பெயரோடு கிளம்பலாம். வேறு இடத்தில் விசாரித்தால் இவர்தானே நாலு வார்த்தை சொல்ல வேண்டும். ஆனால் மூன்று வருடமாக அவள் பதிவில் பொய் எழுதியதில்லை. சொன்னதையெல்லாம் நம்பிவிடுகிற ஒன்றிடம், போகிற நேரத்தில் ஆரம்பிப்பானேன்? 'நிழல். காரணம்: இயக்குநரின் முகம்' என்று தட்டினாள்.

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "முகத்த எடுத்துட்டுத் துணின்னாவது போடும்மா. கும்பிட்டுக் கேக்கறேன்."

மாற்றினாள்.

பேனரை யார் இறக்குவது என்பது அடுத்த சிக்கல். இயக்குநரின் முகத்தை அவிழ்த்து நாலாக மடிக்க மேலாளருக்குக் கை வரவில்லை. அனுமதி கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அங்கே அதற்கு ஒரு குழு அமைத்தார்கள். அதுவரை தினமும் பதினொன்றுக்கு நிழல் விழுந்ததும் ஓடத் தொடங்கும் ஜெனரேட்டரை நிறுத்தி, 'துணி' என்று எழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. எதுவரை என்ற இடத்தில், 'பேனர் அகற்றப்படும் வரை' என்றிருந்தது.

அன்று மாலை காற்று பலமாக வீசியது. அவள் வெளியே போய்ப் பேனரின் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். ஒன்று தளர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்தபடியே நின்றாள்.

பிறகு இறுக்கிக் கட்டினாள்.