வாரம் ஒரு பாக்கெட்

கோதண்டத்தின் சிறுநீரகம் இரண்டும் கெட்டதற்கு யார் காரணம் என்று கேட்டால், அவனேதான் என்று கோட்டைக்குப்பமே ஒரே குரலில் சொல்லும். ஊருக்கென்ன, சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அவனை விட்டால் உண்மை தெரிந்தவள் அவன் பெண்டாட்டி சுதா ஒருத்திதான்.

போன ஆனியில் அவனுக்கு இடுப்பு வலி என்று இருவரும் பொன்னேரி டாக்டரிடம் போனார்கள். உடம்பில் வைட்டமின் டி குறைச்சல், இந்தப் பொடியை வாரம் ஒரு பாக்கெட் பாலில் கலந்து எட்டு வாரம் குடி என்றார் டாக்டர். கோதண்டத்தின் பாடோ பத்தே நாளில் வருகிறது. ஏரியில் இறால் படும் இடங்களில் வலை கட்ட ஊர் சீட்டுப் போட்டு ஆளுக்கொரு முறை கொடுக்கும், அதுதான் பாடு. முறை தவறினால் அடுத்தது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எட்டு வாரம் எங்கே, பத்து நாள் எங்கே? சுதா தினம் ஒரு பாக்கெட் கலந்து கொடுத்தாள். வலி விட்ட மாதிரி இருந்தது, அந்த முறை இறாலும் அள்ளிக்கொண்டு வந்தான். அப்புறம் அவளை யார் நிறுத்துவது? மருந்துக்கடைக்காரன் டாக்டர் சீட்டே கேட்காமல் பெட்டி பெட்டியாக எடுத்துக் கொடுத்தான். சத்துதானே, சத்து என்ன செய்துவிடும்?

நாலு மாதத்தில் வாந்தி பிடித்துக்கொண்டது. தண்ணீர் தண்ணீர் என்று தவித்தான், சோறு இறங்கவில்லை. சுதாவுக்குக் கோபம்தான் வந்தது. ஒருநாள் அவன் வேண்டாம் என்று டம்ளரைத் தள்ளினான்.

"இன்னாத்துக்கு மூஞ்ச சுளிக்கிற? சத்து இல்லாமதான் வாந்தி வருது. குடி."

அன்றைக்கு இரண்டு பாக்கெட் கலந்திருந்தாள். அவனும் குடித்தான்.

சென்னை ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைத் தீர்த்துவிட்டது, இனி வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்றார்கள். தினமும் குடிக்கச் சொன்னது யார் என்று டாக்டர் சீறினார். சுதா வாயைத் திறப்பதற்குள் கோதண்டம், சீக்கிரம் சரியாகும் என்று தானேதான் குடித்ததாகச் சொல்லிவிட்டான். பக்கத்தில் அவன் அண்ணன் நின்றிருந்தான். உண்மை தெரிந்தால் அவளை வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்று கோதண்டத்துக்குப் பயம்.

அந்தப் பொய் அவன் பாடு முறைக்கே உலை வைத்தது. நோயில் விழுந்தவனுக்கு ஊரில் பங்கு நிற்கும், வேறொருவன் அவன் வலையைக் கட்டிப் பாதி கொடுப்பான். குடித்தோ வேறு விதமாகவோ தன்னைத் தானே கெடுத்துக்கொண்டவனுக்கு அது கிடையாது. ஊர்க் கூட்டத்தில் தலைவர் ஆதிகேசவன் பாடு பட்டியலில் கோதண்டத்தின் பெயரை அடிக்கப் போனார். பெண்கள் பேசாத கூட்டம் அது. சுதா எழுந்தாள்.

"கலந்து குடுத்தது நானு. வாணாம்னு தள்ளனவர குடிக்க வெச்சதும் நானு. அவரு பேர அடிக்காதீங்க."

எல்லோரும் கோதண்டத்தைப் பார்த்தார்கள். அவன் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"அவ பொய் சொல்றா. பாடு பூடும்னு பயந்துக்கினு பழிய ஏத்துக்கிறா. நான்தான் குடிச்சேன்."

பெயரை அடித்தார்கள். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று சுதாவை மெச்சிவிட்டுக் கலைந்தார்கள். அவளுக்கு அந்த மெச்சல் செருப்படியாக இருந்தது.

இப்போது அவனுக்குத் தண்ணீர்கூட அளவுதான். அதே டம்ளரில் அவள்தான் அளந்து கொடுக்கிறாள். அதில் என்ன இருக்கிறது என்று அவன் இன்றுவரை பார்ப்பதில்லை. வாங்கிக் குடித்துவிடுகிறான்.