செவ்வாய் மாஸ்டரின் ஒருவழி டிக்கெட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொய்யன் அல்ல. தையல்காரன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் எங்கள் தெருவில் அதிகம்.

ஒருவர் துணியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "எப்ப கிடைக்கும்?" என்று கேட்கிறார். மேசைக்குக் கீழே ஏற்கெனவே நாற்பது துணிப்பை கிடக்கிறது. "தெரியாது" என்று சொன்னால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அதனால், "வர்ற செவ்வாய்க்கிழமை வாங்க" என்பேன். எந்தச் செவ்வாய் என்று நான் சொல்வதில்லை, அவர்கள் கேட்பதும் இல்லை. முப்பது வருடமாகக் கடை இப்படித்தான் ஓடுகிறது. தெருவில் எனக்குச் 'செவ்வாய் மாஸ்டர்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் நன்றாகவே இருக்கட்டும். அவனுடைய பேன்ட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன் என் மனைவி ஒரு நீலத் துணியைக் கொண்டுவந்து நீட்டினாள். "எனக்கு ஒரு கோட்டு தைச்சுக் குடுங்க. ரெண்டு பக்கமும் பை வேணும். கை முழுசும் உள்ள போற மாதிரி ஆழமா வேணும்" என்றாள். பெண்கள் கோட்டுக்கு எவனும் ஒழுங்காகப் பை வைப்பதில்லை என்பது அவளுக்கு நெடுநாள் குறை. "செவ்வாய்க்கிழமை தர்றேன்" என்றேன். வேண்டுமென்றே சொல்லவில்லை. துணியைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எங்கள் ஒரே மகளுக்கு வேறு நாட்டில் வேலை. நீலத் துணி நான்கு வருடமாகத் துணியாகவே கிடக்க, இந்த வருடம் இரண்டு வாரம் அவளோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று மனைவி கிளம்பினாள். போகிற அன்று வாசலில் நின்று, "நான் திரும்பி வர்றப்ப கோட்டு ரெடியா இருக்குமா?" என்று கேட்டாள். "செவ்வா..." என்று ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். ஆனால் பாதி வெளியே வந்துவிட்டதே, என்ன செய்ய?

இரண்டு வாரம் முடிந்தது. எப்போது வருகிறாய் என்று போனில் கேட்டேன்.

"வர்ற செவ்வாய்க்கிழமை" என்றாள்.

நான் நம்பினேன். முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனேன். மூன்று விமானத்து ஜனங்கள் இறங்கி, கட்டிப்பிடித்து, வண்டி ஏறிப் போனார்கள். இவள் வரவில்லை. போன் போட்டால், "அடடா, இங்க கொஞ்சம் வேலை வந்துருச்சுங்க. அடுத்த செவ்வாய் கண்டிப்பா" என்றாள். அடுத்த செவ்வாயும் போனேன். அதற்கடுத்த செவ்வாய், "எல்லாம் முடிஞ்சுருச்சு, பெட்டிக்குப் பூட்டு போடறது மட்டும்தான் பாக்கி" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட பாவி, இது என் வசனமல்லவா! 'பட்டன் மட்டும்தான் பாக்கி' என்று நான் ஊருக்கே சொல்வதை எனக்கே திருப்பிச் சொல்கிறாள். அந்த இழுப்புகூட அப்படியே இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. பிறகு, அழ வைத்துவிட்டாளே என்று மறுபடியும் கோபம் வந்தது. பகலில் தையல் மெஷின் ஓடுகிறவரை தெரியாது. மிதியிலிருந்து காலை எடுத்ததும் வீடு 'கம்'மென்று ஆகிவிடும். என்னைத் திட்டக்கூட ஆளில்லை. பதினோரு செவ்வாய் இப்படிப் போயிற்று. பன்னிரண்டாவதில், "கோட்டைத் தைச்சுக் கையில எடுத்துட்டு நேர்ல வந்து கூப்பிடுங்க. அப்பவும் வருவேனான்னு அப்பதான் சொல்வேன்" என்று வைத்துவிட்டாள்.

கடையைப் பூட்டினேன். நாற்பது பையையும் காலால் தள்ளிவிட்டு நீலத் துணியைத் தேடி எடுத்தேன். மூன்றே நாளில் கோட்டு தயார். பட்டன் மட்டும்தான் பாக்கி. சத்தியமாக, இந்த முறை உண்மையிலேயே அது மட்டும்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து என் மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற உத்தியோகம். மீட்டரோடு சேர்த்து அந்தந்த வீட்டுச் சண்டையையும் பார்த்துவிட்டு வருவான்.

"மாமா, ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தீங்களா?"

"எடுக்கப் போறேன்."

"எடுத்தீங்க, தொலைஞ்சீங்க. அக்கா முதல்ல அதைத்தான் கேக்கும். ஒரு ஆளுக்கு ரிட்டர்ன் எடுத்துட்டுப் போனா, 'ஓஹோ, நான் வரமாட்டேன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தீங்களா'ங்கும். ரெண்டு ஆளுக்கு எடுத்தா, 'என்னைக் கேக்காம நீங்களா தேதி வெச்சிட்டீங்களா'ங்கும். நீங்க வாயத் தொறந்து தேதி சொன்னாலே அதுக்கு ஆகாது மாமா. தேதியே இல்லாம போங்க."

அவன் வாழ்க்கையில் உருப்படியாகச் சொன்ன ஒரே யோசனை இதுதான் என்று நினைத்து, போகிறதுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தேன். விசா எல்லாம் மகள் பார்த்துக்கொண்டாள்.

விமான நிலையத்தில் பெட்டி வாங்கும் பெண், "திரும்பி வர்ற டிக்கெட் இல்லையே, அங்க உள்ள விடலைன்னா உங்க பொறுப்பு" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். நாற்பது பேருக்குத் துணி பாக்கி வைத்திருப்பவன் ஒரு தாளுக்கா பயப்படுவேன்? போட்டுக் கொடுத்தேன். அடுத்து சோதனை செய்கிற இடத்தில் கைப்பையைக் கிளறி என் குட்டிக் கத்தரிக்கோலையும் ஊசி டப்பாவையும் எடுத்துவிட்டார்கள். விமானத்தில் உட்கார்ந்து பட்டன் வைத்துவிடலாம் என்பதுதான் என் கணக்கு. ஊசி போனதும் அந்தக் கணக்கும் போயிற்று. ஐந்து பட்டனையும் கோட்டின் வலது பையில் போட்டுக்கொண்டு, மடியில் கோட்டை வைத்துக்கொண்டு, வழி முழுக்க அதைத் தடவிக்கொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னல் பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தார்.

இறங்கி வரிசையில் நின்றேன். மனைவியும் மகளும் வெளியே காத்திருப்பதாகப் போன் வந்தது. நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர், ஒரு கவுண்ட்டர், அதற்குப் பின்னால் ஒரு அதிகாரி, அவ்வளவுதான் பாக்கி.

"எதுக்கு வந்திருக்கீங்க?" என்று தமிழிலேயே கேட்டார் அதிகாரி. நம் ஊர்க்காரர்தான் போலிருக்கிறது.

"இந்தக் கோட்டைக் குடுக்க."

"யாருக்கு?"

"என் வீட்டுக்காரிக்கு."

"எத்தனை நாள் இருப்பீங்க?"

"அது அவ கையில இருக்கு சார்."

"ரிட்டர்ன் டிக்கெட்?"

"இல்லைங்க."

அவர் பாஸ்போர்ட்டைக் கீழே வைத்தார். "கழுத்துல என்ன?"

தொட்டுப் பார்த்தேன். அளவு எடுக்கிற டேப்! முப்பது வருடமாகக் காலையில் சட்டை போட்டதும் என் கை தானாக டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுவிடும். கத்தரிக்கோலைக் கண்டுபிடித்த புண்ணியவான் இதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"இங்க தையல் வேலை பாக்க வந்திருக்கீங்களா?"

"சேச்சே! இந்தக் கோட்டுல அஞ்சு பட்டன் வெக்கணும். அந்த வேலை மட்டும்தான்."

"அப்ப வேலை இருக்கு."

"அய்யோ சார், அது வீட்டு வேலை." இத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் என் கண் அவருடைய சீருடை மேலேயே இருந்தது. "தப்பா நெனைக்காதீங்க, உங்க வலது தோள் அரை இஞ்சு இறங்கியிருக்கு. எந்தப் படுபாவி தைச்சான்? ஒரு ஊசி மட்டும் குடுங்க, பத்தே நிமிஷத்துல தூக்கிக் குடுத்துடறேன்."

அடுத்த நிமிடம் நான் பக்கத்து அறையில் இருந்தேன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம், பிடியில்லாத ஒரு தண்ணீர்க் குவளை. அதிகாரி எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்க வந்த விமானம் இன்னும் ஐம்பது நிமிஷத்துல திரும்பிப் போகுது. திரும்பிப் போற டிக்கெட்டைக் காட்டுங்க, இல்லைன்னா அதுலயே ஏத்தி விட்டுடுவேன். கடைசியா கேக்கறேன். எப்பதான் திரும்பிப் போவீங்க?"

"செவ்வாய்க்கிழமை" என்றது என் வாய்.

"எந்தச் செவ்வாய்?"

முப்பது வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் இவர்தான். சுவரில் காலண்டர் இருக்கிறதா என்று தேடினேன், கடிகாரம்தான் இருந்தது.

அவர் முகம் மாறியது. "தெரியும்யா உங்க ஜாதகம். என் கல்யாணத்துக்குத் தைக்கக் குடுத்த கோட்டு, கல்யாணம் முடிஞ்சு ஒன்பதாம் நாள் வந்துச்சு. மாமனார் கோட்டைப் போட்டுக்கிட்டு நின்னேன். போட்டோவுல பாத்தா எனக்குக் கையே இல்லை."

தொழிலுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. வெளியே நிற்கும் ஆளை விசாரிக்கவேண்டும் என்று என் போனிலிருந்தே மனைவியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைத் திறந்துவைத்தார்.

"அம்மா, இங்க ஒருத்தர் உங்க வீட்டுக்காரர்னு சொல்றார்."

"கழுத்துல டேப் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அவரேதான்."

"எப்ப திரும்புவீங்கன்னா செவ்வாய்க்கிழமைங்கறார்."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பதறிவிட்டேன். சிரிக்கிறாள்! கூடவே மகளும் சிரிக்கிறாள். "சார், அந்த ஒரு வார்த்தைய மட்டும் நம்பிடாதீங்க" என்றாள் என் தர்மபத்தினி.

"அடியே! என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்கடி!" என்று கத்தினேன்.

மகள் குறுக்கே வந்தாள். "அப்பா, ஏன் டென்ஷன்? நான் இப்பவே போன்ல ரிட்டர்ன் போட்டுடறேன். ரெண்டு நிமிஷம்."

"போடாதே" என்றேன்.

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யோவ், உங்க நல்லதுக்குத்தான் சொல்றாங்க."

"போடக்கூடாது சார். எனக்கு மட்டும் ஒரு டிக்கெட் போட்டா, அவ வரமாட்டான்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. அதுக்கு இப்பவே இந்த விமானத்துலயே போயிடறேன்." கோட்டை மேசைமேல் வைத்தேன். "மூணு மாசம் சார். காலைல ரெண்டு தம்ளர் எடுத்து வெக்கறேன். அப்புறம் ஒண்ணத் திருப்பி உள்ள வெக்கறேன். தெனமும் இதே கூத்து. இவ இல்லாம அந்த வீட்டுல நான் எதுக்கு சார்?"

போன் திறந்திருப்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"என்னங்க" என்றாள் மனைவி. இப்போது சிரிப்பு இல்லை. "கோட்டு முடிஞ்சுதா?"

முடிஞ்சுது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதிகாரி கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முடியலை. பட்டன் பாக்கி" என்றேன்.

"எத்தனை?"

"அஞ்சு. ஊசியப் பிடுங்கிட்டாங்க."

"பை?"

"ரெண்டு பக்கமும் இருக்கு. ஆழமா."

அதிகாரி என்ன நினைத்தாரோ, கோட்டை எடுத்துத் தன் கையைப் பைக்குள் விட்டார். மணிக்கட்டு தாண்டி உள்ளே போயிற்று. "ஆழமாத்தாம்மா இருக்கு" என்று போனில் சாட்சி சொன்னார்.

அந்தப் பக்கம் மகளின் குரல் கேட்டது. "அம்மா, டிக்கெட் எத்தனை பேருக்குன்னு போன்ல கேக்குது. ஒண்ணா, ரெண்டா? சீக்கிரம் சொல்லும்மா."

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அதிகாரியும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு போடு" என்றாள் மனைவி. "அடுத்த மாசம் முதல் வாரத்துல போடு. செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம்."

புதன்கிழமைக்குப் பதிவாகி, டிக்கெட் என் போனுக்கு வந்தது. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு 'டப்'பென்று முத்திரை குத்தினார். கதவு வரை வந்தவர் குரலைத் தாழ்த்தி, "நிஜமாவே அரை இஞ்சு இறங்கியிருக்கா?" என்று கேட்டார். முக்கால் இஞ்சு என்று சொல்லி மனசை நோகடிக்க விரும்பாமல், "கால் இஞ்சுதான் சார்" என்றேன்.

வெளியே இருவரும் நின்றார்கள். மனைவி கொஞ்சம் இளைத்திருந்தாள். கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். தோள் கச்சிதம், கை கச்சிதம். அளவு எடுக்காமலே தைத்தது. இரண்டு கையையும் பைக்குள் விட்டுப் பார்த்தாள். வலது பையிலிருந்து ஐந்து பட்டனையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"இது எப்ப?"

வாய் 'செ' என்று குவிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். "ஊசி கிடைச்சா இப்பவே."

அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஊசியும், துணிக்குச் சரியாக அதே நீலத்தில் ஒரு நூல்கண்டும் இருந்தன. மகள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"பட்டன் பாக்கி இருக்கும்னு தெரியும்" என்றாள்.

அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஐந்தையும் வைத்து முடித்தேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது அவள்தான். என் கண்ணில் தண்ணீர் நின்றதில் துளை தெரியவில்லை.