வலது தொண்டையில் ஒரு புள்ளி

ஸ்கேன் திரையில் தெரிந்த உடலில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. மூளை பளிச்சென்று எரிந்தது; அது எப்போதும் எரிய வேண்டியதுதான். சிறுநீர்ப்பையும் அப்படியே. சிகிச்சைக்கு முன்னால் எடுத்த படத்தில் நெஞ்சுக்குள் கொத்தாக எரிந்த நிணநீர்க் கட்டிகள் இப்போது இருண்டு கிடந்தன. ஆனால் தொண்டையின் வலப்பக்கத்தில், மிளகு அளவுக்கு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. இடப்பக்கத்தில் ஒன்றுமில்லை.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. இது மட்டும் சந்தேகமா இருக்கு" என்றார் ஸ்கேன் மையத்தின் டாக்டரம்மா.

மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுபவர். பக்கத்தில் அவர் மனைவி. அதே சந்தையின் வாசலில், லாரியோடு சேர்த்து எடை போடும் எடைமேடை அவள் பொறுப்பு. நாள் முழுவதும், எடையைக் கூட்டிக் காட்ட அடுத்தவன் காலை மேடையில் வைத்திருக்கிறானா என்று குனிந்து பார்ப்பது அவள் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என்று கணவர் கேலி செய்வார்.

"சந்தேகம்னா என்ன டாக்டரம்மா? இருக்கா, இல்லையா?" என்றாள்.

"அதைத்தான் தொண்டை டாக்டர் பாக்கணும்ங்கிறார். வலது குரல் நாண்ல இருந்து துளி சதை எடுத்துச் சோதிக்கணுமாம்."

ஏலக்காரர் தொண்டையைத் தடவிக்கொண்டார். குரலுக்கு இரண்டு நாண்கள். கதவின் இரண்டு பலகைகள் போல நடுவில் வந்து சேர்ந்தால்தான் சத்தம். நோய் வந்த புதிதில் நெஞ்சுக்குள் வீங்கிய கட்டிகள் இடது நாணுக்குப் போகும் நரம்பை நசுக்கிவிட்டன. அந்தப் பலகை பாதி திறந்தபடி அசையாமல் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவர் குரல் கரகர. மிச்சமிருந்த வலது நாண்தான் நடுக்கோட்டைத் தாண்டி எட்டிப் போய் இடதைத் தொட்டு ஏலத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. அதில் போய்க் கத்தி வைத்து, வடு விழுந்தால்?

"அப்புறம் நான் சைகையிலதான் தக்காளி விக்கணும்" என்றார் அவர்.

டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு விளக்கிச் சொல்வதில் ஆசை உண்டு. "இந்த ஸ்கேன் எப்படின்னு சொல்றேன். ஊசியில நாங்க போடுறது ஒரு வகைச் சர்க்கரை. அதோட கொஞ்சம் கதிர்வீச்சுப் பொருளை ஒட்டி அனுப்புறோம். உடம்புல எந்த இடம் பசியா இருக்கோ அது இந்தச் சர்க்கரையை அள்ளிக்கும். அள்ளின இடம் படத்துல எரியும். புத்துநோய் எப்பவும் பசியா இருக்கும், அதனால எரியும். ஆனா உழைச்ச தசையும் பசியாத்தான் இருக்கும். அதுவும் எரியும். மிஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"அதனாலதான் மூட்டை தூக்காதீங்க, ஓடாதீங்கன்னு சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

"அதேதான். முந்தின நாள் ஓடினா கால் எரியும். பபிள்கம் மென்னா தாடை எரியும். குளிர்ல நடுங்கினா கழுத்துல எரியும். அதுக்குத்தான் போர்வை. சாப்பிட்டுட்டு வந்தா, சர்க்கரை முழுக்கச் சதைக்குப் போயி, நோய் இருந்தாலும் மறைஞ்சுரும். பேசினா தொண்டை எரியும்." புள்ளியைப் பேனாவால் சுட்டினார்; ஏலக்காரரின் கண் அதிலேயே நின்றது, டாக்டரம்மா சொன்னது காதில் ஏறவில்லை. "சாதாரணமா பேசினவங்களுக்கு ரெண்டு பக்கமும் சமமா எரியும். இவருக்கு இடது வேலை செய்யாததால வலது மட்டும் எரியலாம். அதான் இவர் பேசாம இருந்தாரான்னு ஸ்கேன் எடுத்தவரைக் கேட்டுட்டு வரச் சொன்னேன்."

ஸ்கேன் எடுப்பவர் வாசலில்தான் நின்றிருந்தார். நரைத்த மீசை, கழுத்தில் கதிர்வீச்சு அளக்கும் பட்டை. "நான் கேட்டுட்டேன் டாக்டர். இப்ப உங்க முன்னாடியே கேக்குறேன். ஐயா, ஊசி போட்டதுக்கப்புறம் பேசாம இருந்தீங்களா இல்லையா?"

"பேசாமத்தான் சார் இருந்தேன்" என்றார் ஏலக்காரர். குரலில் வருத்தமே இருந்தது. "படுத்த இடத்தை விட்டு அசைஞ்சிருந்தா கேளுங்க."

"கேமராவுல நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். மூக்கு வரைக்கும் போர்வையை இழுத்துக்கிட்டுக் கட்டை மாதிரி கிடந்தாரு."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அப்ப அந்த வழியும் அடைஞ்சிருச்சு. வர்ற வாரம் தொண்டை டாக்டர் சொன்ன நாளுக்குப் போயிடுங்க."

எடைக்காரிக்கு மனம் கேட்கவில்லை. எடை தப்பாக வந்தால் இயந்திரத்தைத் திட்டுவதற்கு முன்னால் மேடையில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். மேடையில் கிடப்பவர் இந்த மனிதர். அவரை அவளுக்குத் தெரியும். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன காலத்தில் அலமாரிக்குப் பின்னால் ஊறுகாய் பாட்டில் வைத்திருந்தவர்.

பேருந்தில் ஆரம்பித்தாள். "உண்மையைச் சொல்லுங்க. ஸ்கேன் அன்னிக்குக் காலையில ஏதாவது வாயில போட்டீங்களா?"

"தண்ணி. அதுவும் அவங்க குடிக்கச் சொன்னதால."

"முந்தின நாள் சந்தைப் பக்கம் வந்தீங்களா?"

"வந்திருந்தா வாசல்லயே உன் கண்ணுல மாட்டியிருக்க மாட்டேனா?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "என்னையே குடையுற. அவங்களைச் சந்தேகப்பட மாட்டியா? புள்ளின்னு ஒண்ணைக் காட்டினாத்தானே இன்னொரு ஸ்கேன், இன்னொரு ஆபரேஷன். ஏலத்துல எனக்குத் தெரியாத வித்தையா? கூட்டத்துல நம்ம ஆளையே நிறுத்தி விலையை ஏத்துற மாதிரிதான்."

அவள் அதையும் யோசித்துப் பார்த்தாள். ஆனால் விலையை ஏற்றுகிறவர்கள் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று ஏன் சொல்ல வேண்டும்?

வீட்டுக்கு வந்து, ஸ்கேனுக்குப் போன அன்று அவர் போட்டிருந்த சட்டையைத் துவைக்கும் கூடையிலிருந்து எடுத்தாள். பையில் மிட்டாய்த் தாள். விரித்து மேசையில் வைத்தாள்.

"இது என்னங்க?"

"ஸ்கேன் முடிஞ்சப்புறம் அவங்களே குடுத்தது. பிஸ்கட்டும் குடுத்தாங்க. வேணும்னா போன் பண்ணிக் கேளு."

கேட்டாள். ஸ்கேன் எடுப்பவர், படம் முடிந்ததும் எல்லோருக்கும் கொடுப்பதுதான் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அம்மா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது. வீட்டுல ஏதாவது நடந்திருந்தா மறைக்காம சொல்லிடுங்க. சில பேர் திட்டுவாங்கன்னு பயந்து சொல்ல மாட்டாங்க" என்றார்.

"அதையேதான் சார் நான் இவர்கிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஸ்கேன் எடுப்பவர் அவளைச் சந்தேகப்படுகிறார், அவள் கணவரைச் சந்தேகப்படுகிறாள், கணவர் மையத்தையே சந்தேகப்படுகிறார். மிட்டாய்த் தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். மென்றிருந்தால் தாடை எரிந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதும் நினைவுக்கு வந்தது. தாடை இருட்டாகத்தான் இருந்தது.

தொண்டை டாக்டர் குறித்த நாளுக்கு முதல் நாள் மதியம். சாப்பிட்ட கையோடு அவர் கட்டிலில் சாய்ந்தார். சாய்ந்ததும் வழக்கம்போல ஆரம்பித்தார். வெங்காயம் விலை ஏறப்போகிறது, கிடங்குக்காரன் பதுக்குகிறான், அவன் அப்பனும் இப்படித்தான். அவள் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரி. பேசாம கொஞ்சம் தூங்குங்க."

"தூங்கத்தானே போறேன்" என்று புரண்டு படுத்தார். "பதுக்கட்டும். அழுகினா அவனுக்குத்தான் நஷ்டம். போன தடவை என்ன ஆச்சு தெரியுமா..."

அவள் கையில் துண்டு பாதி மடிப்பில் நின்றது.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதரிடம் 'பேசாம' என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். பேசாம சாப்பிடுங்க, பேசாம வண்டியை வித்துடுங்க, பேசாம லீவு போடுங்க. சாப்பிட்டார், வண்டியை விற்றார், லீவு போட்டார். ஒரு தடவையாவது பேச்சை நிறுத்தியிருக்கிறாரா? அவளும் அதற்காகவா சொன்னாள்?

"என்னங்க, அன்னிக்கு ஊசி போட்டுட்டு அந்த ரூம்ல என்ன பண்ணீங்க?"

"எத்தனை தடவைடி கேப்ப. பேசாம படுத்திருந்தேன்."

"தனியாவா?"

"தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இருந்தாரு. பாவம், முதல் தடவையாம். ரொம்பப் பயந்து போயிருந்தாரு. நான்தான் தைரியம் சொன்னேன்."

"எவ்வளவு நேரம் சொன்னீங்க?"

"கூப்பிடுற வரைக்கும். நல்ல மனுசன். அவர் மகளுக்கு வரன் பாக்குறாராம், நம்ம..."

"அப்ப பேசினீங்க."

"பேசினேன். அதுக்கென்ன?"

"பேசாம இருக்கச் சொன்னாங்கள்ல?"

"பேசாமத்தானே இருந்தேன்" என்று அவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "எந்திரிச்சேனா? நடந்தேனா? வம்புக்குப் போனேனா? சத்தமாக்கூடப் பேசல. அடுத்தவங்களுக்குத் தொந்தரவுன்னு அடித்தொண்டையில மெதுவாத்தான் பேசினேன்."

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க."

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னும் சொல்லியிருக்காங்க. அந்த வாய் சம்பாதிச்ச சோத்தைத்தான் நீ தின்ன" என்றார் அவர், விஷயம் இன்னும் புரியாமல்.

மறுநாள் காலை இருவரும் முதலில் ஸ்கேன் மையத்துக்குப் போனார்கள். டாக்டரம்மா முழுவதையும் கேட்டுவிட்டு ஸ்கேன் எடுப்பவரை உள்ளே கூப்பிட்டார். "ஊசி போட்டப்புறம் இவர்கிட்ட என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

"பேசாம ஒரு மணி நேரம் படுத்திருங்கன்னு சொன்னேன்."

"நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்?"

"பேசாம இருந்தாரான்னு." சொல்லும்போதே அவர் முகம் மாறியது. "நானும் அதையேதான் ஐயாகிட்ட கேட்டேன்."

"சும்மா படுத்திருங்கன்னு காதுல விழுந்திருக்கு. சும்மா படுத்திருந்தேன்னு பதில் சொல்லியிருக்கார். யாரும் பொய் சொல்லல." டாக்டரம்மா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். "ஆனா ஒண்ணு. பேசினார்னு தெரிஞ்சிருச்சு. புள்ளி பேச்சாலதான் வந்துச்சுன்னு இன்னும் தெரியல. பேசினவருக்கு நோயும் இருக்கலாம் இல்லையா? அடித்தொண்டையில மெதுவாப் பேசினாலும் அந்த ஒத்தை நாணுக்கு இரட்டை வேலை. அதை வேலை வாங்காம படம் எடுத்துப் பாக்கணும். அப்பவும் எரிஞ்சா, சதை எடுக்கத்தான் வேணும்."

தொண்டை டாக்டர் பொறுத்திருக்கச் சம்மதித்தார். கழுத்தை மட்டும் மறுபடி படம் எடுக்க நாள் குறித்தார்கள்.

அன்று ஏலக்காரருக்கு அறையில் துணை யாரும் இல்லை. போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஸ்கேன் எடுப்பவர் போர்வையை இந்தத் தடவை தாடைக்குக் கீழே மடித்துவிட்டார், உதடு கேமராவில் தெரிய வேண்டுமென்று. ஊசிக்கு முன்பே சொல்லிவிட்டார். "ஐயா, இப்பவே வாயை மூடிக்கணும். பேச்சு, முணுமுணுப்பு, பாட்டு எதுவும் கூடாது. தொண்டையைக் கூடச் செருமக் கூடாது. ஏதாவது வேணும்னா கையைத் தூக்குங்க. நான் சொன்னது என்னன்னு ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க, அதுதான் கடைசிப் பேச்சு."

"ஊமையா இருக்கணும். வேணும்னா கை."

"அவ்வளவுதான்."

வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எடைக்காரி நின்றிருந்தாள். திரையில் தெரிந்த உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒருமுறை அது துடித்ததுபோல் இருந்தது. "சார், பாருங்க, பேசுறாரு" என்றாள். "எச்சில் முழுங்குறாரும்மா" என்றார் ஸ்கேன் எடுப்பவர். இன்னொரு முறை கை மேலே போனது. ஸ்கேன் எடுப்பவர் ஓடினார். மூக்கு அரித்ததாம், சொறிந்துகொள்ளலாமா என்று மூக்கைத் தொட்டுக் காட்டினாராம்.

படம் வரும்போது மூவரும் டாக்டரம்மாவின் அறையில் இருந்தார்கள். இன்னும் யாரும் அனுமதி தராததால் ஏலக்காரர் வாயைத் திறக்கவில்லை. திரையில் கழுத்து மெல்ல மெல்லக் கீழிருந்து மேலாக எழுந்தது. டாக்டரம்மா வலப்பக்கத்தைப் பெரிதாக்கினார், வெளிச்சத்தைக் கூட்டினார், பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தார்.

பழையதில் மிளகு. புதியதில் இருட்டு. இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் அப்படியே.

"உழைச்ச தசைதான்" என்றார் டாக்டரம்மா. "தொண்டை டாக்டர்கிட்ட நான் பேசிடுறேன். கத்தி வேண்டாம். மூணு மாசம் கழிச்சு வழக்கமான பரிசோதனைக்கு வாங்க. இப்ப நீங்க பேசலாம்."

ஏலக்காரர் மனைவியைப் பார்த்தார். பிறகு கரகரத்த குரலில், "வீட்டுக்குப் போலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மையத்தில் இப்போது ஊசி போட்டதும் 'பேசாம' என்ற சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. சொல்வது இதுதான்: "படம் எடுத்து முடியுற வரைக்கும் வாயிலேர்ந்து சத்தமே வரக்கூடாது; ஏதாவது வேணும்னா கையைத் தூக்குங்க." படத்துக்குப் பிறகு கேட்பதும் மாறிவிட்டது. பேசாமல் இருந்தீர்களா என்று கேட்பதில்லை. "யார்கிட்ட என்ன பேசினீங்க?" என்று கேட்கிறார்கள்.