தரைத்தளத்து வீடு மேலே போன விவரம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பங்குச் சந்தை திறந்த ஐந்தாவது நிமிடத்தில், லிஃப்ட் மெக்கானிக்கின் தரைத்தளத்து வீடு அடுப்பு, கட்டில், மனைவி சகிதம் முதல் மாடிக்கு ஏறியது. அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் ஓர் அங்குலமும் நகரவில்லை. கூடுதலாக ஒரு வீடு எப்படி அடங்கியது என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் டேப் வைத்து அளந்தார்; அளவு சரியாகவே வந்தது. அதனால்தான் அவருக்கு ஆத்திரம் அதிகமானது. அனுமதி வாங்காமல் வீட்டை நகர்த்தியதற்கு அபராதம் என்று கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்.

மெக்கானிக்கின் மனைவி மருந்துக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் நின்றுகொண்டே மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கியவள். கம்பெனி அவளை அனுப்பியபோது கையில் ஒரு தொகையும், காலில் தேய்ந்துபோன இரண்டு மூட்டும் மிச்சம். ஒரு காலுக்கு ஆபரேஷன் செய்யத்தான் இந்தப் பணம் போதும் என்றது ஆஸ்பத்திரி. மற்றக் காலுக்கு வழி என்ன என்பதை அவளைக் கேட்காமலே அவள் புருஷனும் தம்பியும் முடிவு செய்தார்கள்: பங்கில் போட்டு வளர்ப்பது. எந்தச் செயலியில் போடுவது என்பதில்தான் அடிதடி. கடைசியில் மூன்றை இறக்கினார்கள். பணம் அவளுடையது என்பதால் கணக்கும் அவள் பெயரில். மூன்றும் அடையாளம் பார்க்க அவள் முகத்தை இடப்பக்கம் திருப்பு, வலப்பக்கம் திருப்பு என்று அதிகாரம் செய்தன. சோதனைக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பங்கு வாங்கினார்கள். வாங்கிய பங்கு ஏறினால் வீடு ஏறியது, இறங்கினால் இறங்கியது.

வங்கிக்காரர்களின் செயலி சரக்கு லிஃப்ட் மாதிரி. விலை ஏறி அரைமணி கழித்துத்தான் வீடு அசையும். சந்தை திறக்கும் நேரத்தில் திரை உறைந்துவிடும், வீடும் இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கும். கதவைத் திறந்தால் மேல்வீட்டுக்காரரின் கணுக்கால் தெரியும், அவர் வாயில் வந்தபடி திட்டுவார். இரண்டாவது, தம்பி கொண்டுவந்தது. கட்டணமே இல்லை என்று விளம்பரம். ஆள் சேர்த்துவிட்டால் சேர்த்தவனுக்குப் பரிசு உண்டு என்பதை மட்டும் அந்த உத்தமன் சொல்லவில்லை. பங்கு வாங்கினால் திரையில் வண்ணக் காகிதம் பறக்கும், வீட்டுக் கூரையிலிருந்தும் கொட்டும், கொதிக்கிற பாத்திரத்தில் விழும். மூன்றாவது சாம்பல் நிறம், எழவு வீட்டு முகம். ஒவ்வொரு வாங்கலுக்கும் கட்டணம் இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடும். அவள் அதன் புகார் எண்ணைக் கூப்பிட்டாள். ஒரு பெண் கொட்டாவி விட்டபடி எடுத்தாள், ஆனால் எடுத்தாள். அடுத்து மெக்கானிக்கின் மனைவி சோதனைப் பங்கை விற்றாள். சொன்ன நாளில் பணம் வந்தது.

“இதுவே போதும்,” என்றாள்.

மெக்கானிக் கேட்பாரா? அவர் தொழிலில் ஒரு சோதனை உண்டு. ஓடுகிற லிஃப்டின் தரையில் நாணயத்தை விளிம்பில் நிறுத்துவார்கள். விழாவிட்டால் வேலை சுத்தம். வீட்டு நடுவில் நாணயம் நிறுத்தினார். சாம்பல் செயலியில் மறுபடி ஒரு பங்கு வாங்கியபோது ஆறாவது நொடி விழுந்தது. தம்பியின் செயலியில் ஐந்து மாடி ஏறியும் அசையவில்லை.

“பாத்தியா, வழுக்கிக்கிட்டுப் போகுது!”

“ஏறுறப்ப நிக்குது, சரி. பிரேக்கைப் பாத்தீங்களா?”

“லிஃப்டைப் பத்தி எனக்கே பாடமா?”

முழுப் பணமும் அதில் போனது. ஆழம் தெரியாமல் காலை விட்டார், அதுவும் அவள் காலை.

ஏழு வாரம் வீடு ஒன்பதாம் மாடியில் நின்றது. கட்டடத்தின் லிஃப்ட் இரண்டு வருஷமாக ஓடவில்லை. செயலாளருக்கும் மெக்கானிக்குக்கும் பழைய பகை. இவர் மோட்டார் அறைச் சாவியைக் கேட்கமாட்டார், அவர் கேட்காமல் தரமாட்டார். மூட்டுப் போனவள் ஏழு வாரமும் தெருவைப் பார்க்கவில்லை. இதில் இரண்டு பேருக்கும் கொஞ்சம்கூட வெட்கமில்லை. எட்டாவது வாரம் திங்கட்கிழமை விலை சரிந்தது. அவள் விற்கும் பொத்தானை அழுத்தினாள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. வீடு ஒன்பது மாடியும் இறங்கி, தரைத்தளத்தையும் தாண்டி, அடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் போய் உட்கார்ந்தது. இடுப்பளவு தண்ணீருக்கடியில் நாணயம் அப்போதும் விழாமல் நின்றது.

“பொறுத்திரு அக்கா, இப்ப எடுத்தா நஷ்டம்,” என்று வாசலிலிருந்தே சொன்னான் தம்பி.

“உன் பரிசு வந்துடுச்சுல்ல? கிளம்பு!” என்றவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “உங்க காலா இருந்தா இப்படி வெச்சு வெளையாடுவீங்களா?” ஆத்திரத்தில் அழுகை வந்தது. அழுதுகொண்டே ரகசிய எண்ணை மாற்றினாள்.

யானை வாயில் போன கரும்பு. நாற்பது போன், பதினொரு நாள் சண்டை, அதன் பிறகு பாதிதான் திரும்பியது. அதைச் சாம்பல் செயலியில் போட்டாள்; மாதாமாதம் தனக்கு வரும் சொற்ப ஓய்வூதியத்தில் கிள்ளிப் போட்டாள். வீடு தொட்டியிலிருந்து மாதத்துக்கு ஒரு சாண், இரண்டு சாண் என்று முனகியபடி ஏறியது. சில மாதம் இறங்கவும் செய்தது. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது குறைவு, பேசினால் சண்டை. நான்காம் வருஷம் நான்காம் மாடியைத் தொட்டபோது இரண்டு காலுக்குமான தொகை தேறியது.

“இன்னும் ரெண்டு மாடி போகும்,” என்றார் மெக்கானிக்.

அவள் போனை எடுத்தாள். எல்லாவற்றையும் விற்றாள். வீடு லேசாகக் குலுங்கி நின்றது. அதற்குப் பிறகு அசையவே இல்லை.

“வெள்ளிக்கிழமை ஆபரேஷன். போய் சாவி கேளுங்க.”

“அவன்கிட்டயா?”

“அந்த ஆள்கிட்டதான். இல்லன்னா என்னை முதுகுல தூக்கிட்டு எறங்குங்க.”

கேட்டார். செயலாளர் நாலு பேர் முன்னால் மூன்று முறை கேட்க வைத்தார். இரண்டு நாளில் லிஃப்ட் ஓடியது, யாரும் நன்றி சொல்லவில்லை. அவள் அதில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

தரைத்தளத்தில் வீடு இருந்த இடத்தில் இப்போது சைக்கிள்கள் நிற்கின்றன. தபால்காரர் நான்காம் மாடிக்கே வருகிறார். நான்காம் மாடிக்குக் காற்று அதிகம், ஆகவே பராமரிப்புக் கட்டணமும் அதிகம் என்று செயலாளர் அடுத்த நோட்டீஸை ஒட்டினார். ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவள் அதைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு, லிஃப்டைத் தொடாமல், கைப்பிடியைப் பிடிக்காமல், எழுபத்திரண்டு படியும் இறங்கி அவர் கதவைத் தட்டினாள். அரைமணி நேரம் பிடிபிடியென்று பிடித்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காரும்மா, உக்காந்து பேசலாம்.”

“வேண்டாம்,” என்றாள். “நான் நிக்கிறேன்.”