குடும்பத் தலைவர்: காலிதீன்

"புள்ள, பட்டியலில என்ட பேரில்லையாம். காலிதீன்ட பேர்தான் கிடக்காம்."

சித்தி லைலா என்ற ராத்தா குடையை மடித்தபடி பிரதேச செயலகத்தில் என் மேசைக்கு முன்னால் நின்றா. 2009 ஆகஸ்ட், காலை பத்து மணி. சுனாமியில் கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதிலாகக் கட்டிய வீடுகளை யாருக்குக் கொடுப்பது என்ற பட்டியல் அது. பிற்பகல் மூன்று மணிக்குக் கொழும்பில் முடிவாகிவிடும். கொழும்புக் கணினி கேட்கும்போது குடும்ப விபரங்களைத் திருப்பி அனுப்பும் பைதன் நிரலை எழுதியவள் நான்.

"உங்கட புருசன் காலிதீன் நானா இப்ப எங்க?"

"சம்மாந்துறையில. மத்தக் கலியாணம் முடிச்சி மூணு வருஷம். அவருக்கு ஊடு இரிக்கி. அவளுட ஊடு."

பக்கத்து மேசையில் நிதர்சன் சிரித்துவிட்டான். "எங்கட ஊர் பாண்டிருப்பிலயும் அப்பிடித்தான். நானும் மனிசிட வீட்டிலதான் கிடக்கன். அவ வெளிய கலைச்சா கடற்கரைதான்."

நானும் உம்மா என் கலியாணத்துக்குத் தந்த வீட்டில்தான் இருக்கிறேன். வீட்டு உறுதிப் பத்திரத்தில் என் பெயர். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு என்பது எனக்குத் தெரியாததா?

நிரலைத் திறந்தேன். எங்கள் பதிவில் எல்லாம் சரியாகவே இருந்தது: வீடு, அதன் உரிமையாளர், வீட்டுக்குள் ஆட்கள், ஒவ்வொரு ஆளுக்குள்ளும் அவர் விபரம். நிரலை எழுதிய முதல் நாள் அதை அப்படியே அனுப்பப் பார்த்தேன். எழுத்தும் எண்ணும் போயின. திகதி போக மறுத்தது. இறந்த திகதி என்ற இடத்தில் பிழை காட்டி நின்றது. திகதியை எழுத்தாக மாற்ற நாலு வரி போதும். நான் எழுதவில்லை. குடும்பத்தை ஒரே வரியாகத் தட்டி, தலைவர் பெயர், ஆட்களின் தொகை என்று அனுப்பினேன். கொழும்புப் படிவத்தில் தலைவர் என்றால் கணவன், அதையே போட்டேன்.

சோம்பல் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். ஆனால் அந்தத் திகதி வீட்டுக்கு வீடு ஒன்றுதான், கடல் வந்த நாள். சரிபார்க்க ஒவ்வொன்றாய்ப் பார்த்திருக்க வேண்டும். தொகையைப் பார்ப்பது இலேசாக இருந்தது.

"இரிங்க ராத்தா."

எழுதினேன். மேலே வீடு, அடுத்து உரிமையாளர், உள்ளே ஆட்கள். 'தலைவர்' என்ற இடத்தை நீக்கவில்லை. நீக்கினால் கொழும்பு நிரல் தடுமாறும். அதில் உரிமையாளரின் பெயரைப் போட்டேன். திகதிக்கு அந்த நாலு வரி. பிறகு ராத்தாவின் வீட்டு இலக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன். பிழை இல்லை.

"வாசிங்க புள்ள."

"உரிமையாளர் சித்தி லைலா. மகள் நபீலா. மருமகன் ஸஹீத். மகன் மஜீட், வயது பதினொண்டு." நிறுத்தினேன்.

"மஜீடயும் அனுப்புறீங்களா?"

"ஓம். அந்த ஊட்டில இருந்த எல்லாரயும்."

"அவர?"

"அவரயும்தான். கடைசியில, வெளியேறியவர் எண்டு."

ராத்தா தலையாட்டினா. நிதர்சன் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, விபரங்களை மறுபடி கேட்டு வாங்கச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் தொலைபேசியை வைத்தான்.

"வந்திட்டாம் அக்கா. வீடு இவங்கட பேரில."

ராத்தா எழும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தா.

"மஜீட்ட பேருக்குப் பக்கத்தில ஏதோ கிடக்கே. அத வாசிக்கல்லியே நீங்க."

வாசித்தேன். வருடம், மாதம், நாள்.