மெதோரின் மைதானம்

கம்பி வலைச் சுருளை ஏற்றிக்கொண்டு கைவண்டி வாசலில் வந்து நின்றபோது சலோமி கொல்லையில் மத்தி அலசிக்கொண்டிருந்தாள். கோழி வளர்க்கப் போகிறான் போலிருக்கிறது என்று நினைத்தாள். பிலோமின்ராஜுக்கு அவ்வப்போது அப்படி ஏதாவது தோன்றும். முந்தின வருஷம் முயல். அதற்கு முன்னால் தொட்டியில் வண்ண மீன். எல்லாம் செத்துப்போனது. ஆனால் வலைக்குப் பின்னாலேயே இரும்புக் கால்கள் இறங்கின, ஒவ்வொன்றும் ஓர் ஆளைவிட உயரம். அவற்றின் உச்சி உள்பக்கமாக வளைந்திருந்தது. வேலைக்காரர்கள் இரண்டு பேர் கொல்லையின் கிழக்கு மூலையில், வாழைக்கும் கிணற்றுக்கும் நடுவில், குழி தோண்ட ஆரம்பித்தார்கள்.

"கோழிக்கு எதுக்குங்க இவ்ளோ ஒசரம்?"

"கோழி யாருக்கு வேணும்? இது மெதோருக்கு." பிலோமின்ராஜ் அவளைப் பார்க்காமல் வேலைக்காரர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இனிமே நீ அத இழுத்துக்கிட்டு ஆத்தங்கரையில அலைய வேணாம். உள்ளயே ஓடட்டும். அண்ணன் சொன்னார்ல, பிரான்சுல நாயிங்களுக்குன்னே கம்பி போட்டு மைதானம் விட்டிருக்கான்னு. அதான்."

பரிசு கொடுக்கிற குரலில் சொன்னான். சலோமி கையிலிருந்த மீனின் வயிற்றைக் கிழித்தாள். குடலை எடுத்து எறிந்தாள். அடுத்த மீனை எடுத்தாள். நான் கேட்டேனா என்று வாய்வரை வந்தது. வேலைக்காரர்கள் இருந்தார்கள்.

மெதோர் அவனுடைய அண்ணன் சூசைராஜ் விட்டுவிட்டுப் போன நாய். சூசைராஜ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று அங்கேயே தங்கிவிட்டவர். வீடு அவர் பெயரில் இருந்தது. எண்பத்திரண்டில் ஊருக்கு வந்து ஆறேழு மாசம் இருந்தபோது பாண்டிச்சேரியில் ஓர் அல்சேஷன் குட்டியை வாங்கி வந்தார். பிரெஞ்சுக்காரன் நாய்க்கு வைக்கிற பெயர் இது என்று மெதோர் என்று வைத்தார். தெருப் பிள்ளைகள் அதை மீட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கிளம்பும்போது அவர் போட்ட உத்தரவு ஒன்றுதான்: காலையிலும் சாயங்காலமும் நாயை நடக்கக் கூட்டிப்போக வேண்டும், இல்லாவிட்டால் அதற்குப் புத்தி கெட்டுவிடும். வீட்டின் சொந்தக்காரர் சொன்ன பிறகு மறுக்க முடியாது. பிலோமின்ராஜ் இரண்டு நாள் போனான். மூன்றாம் நாள் மார்க்கெட்டுக்கு எதிரே நாய் அவனை இழுத்துக்கொண்டு ஓடியதை ஆபீஸ் ஆட்கள் பார்த்துவிட்டார்கள். அன்றைக்கே சங்கிலி சலோமியின் கைக்கு வந்தது.

முதல் வாரம் அவளுக்கு அவமானமாகத்தான் இருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரமாகப் போனாள். பிறகு ஒருநாள் கவனித்தாள், யாரும் அவளைப் பார்க்கவில்லை. நாயைத்தான் பார்த்தார்கள். அந்தத் தெருவில் ஒரு பெண் வாசல்படி தாண்டுவதற்குக் காரணம் வேண்டும். கோயிலுக்கு, மார்க்கெட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, சாவுக்கு. பதினோரு வருஷமாக அவள் இந்த நான்குக்குத்தான் வெளியே போயிருந்தாள். பிள்ளை இல்லாததால் பள்ளிக்கூடம் என்ற ஐந்தாவது காரணம் அவளுக்கு இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் குரும்பகரத்திலிருந்து கோட்டுச்சேரிக்கு வரப்பு வழியாக நடந்தே படிக்கப் போனவள். அப்போதும் நடக்கிறோம் என்று நினைத்து நடந்ததில்லை. இப்போது முப்பத்து மூன்று வயதில் ஒரு நாய் அவளுக்குக் காரணமாக வந்து வாய்த்தது.

ஆற்றங்கரை வழி மார்க்கெட்டின் பின்பக்கம் தொடங்கும். முதலில் அழுகின காய்கறி நாற்றம், பிறகு மூத்திர நாற்றம், பிறகு திடீரென்று ஒன்றும் இல்லாமல் காற்று. அரசலாற்றில் சில நாள் கடல் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். ஆறு பின்பக்கமாக ஓடுவதுபோல இருக்கும். கருவேலம் புதர்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. சேற்றில் நண்டு வளைகள். கவிழ்த்துப் போட்ட வள்ளங்களில் கீல் பூசுகிற தார் வாசனை. மெதோர் ஒவ்வொரு வள்ளத்தையும் முகர்ந்து, ஒவ்வொரு முளையிலும் காலைத் தூக்கும். அது நிற்கும்போது அவளும் நிற்பாள். நிற்பதற்கும் ஒரு காரணம் கிடைத்ததில் அவளுக்குத் தனி சந்தோஷம். கொக்கு ஒன்று மீனை விழுங்குவதை முழுதாக நின்று பார்க்கலாம், யாரும் என்ன பார்க்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். உடம்பு சூடேறி, முதுகில் வியர்வை ஓடி, தொடைகள் தாமாக நடக்கத் தொடங்குகிற ஓர் இடம் வரும். அந்த இடத்துக்காகத்தான் அவள் இரவு தூங்கினாள் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஆறு வளைகிற இடத்தில் ஒரு பழைய ஐஸ் கம்பெனிச் சுவர் இருந்தது. அதோடு திரும்பிவிடுவாள். அதைத் தாண்டினால் முகத்துவாரம். போய்வர நேரமாகும், அவனுக்குக் காபி தாமதமாகும். ஒருநாளும் தாண்டியதில்லை.

அந்தப் பாதையில் எதிரே வருகிறவள் அஞ்சுகம். கருக்களாச்சேரியிலிருந்து கூடையோடு டவுனுக்கு மீன் விற்க வருவாள். ஐம்பது வயதிருக்கும். மெதோரைச் சூசைராஜ் பிரெஞ்சில்தான் பழக்கிவிட்டிருந்தார். 'வியேன்' என்றால்தான் வரும், 'அஸி' என்றால்தான் உட்காரும். சலோமி 'வியேன், வியேன்' என்று கத்துவதைக் கேட்டு அஞ்சுகம் அவளுக்கே அதைப் பெயராக வைத்துவிட்டாள்.

"என்னா வியேனம்மா, இன்னக்கி நாயி ஒன்னய இழுக்குதா, நீ நாய இழுக்குறியா?"

"ரெண்டு பேரும் போறோம், அவ்ளோதான்."

"எங்க போறிய?"

"சும்மாத்தான்."

"சும்மா நடக்குறதுக்கு வேற ஒரு பொறப்பு பொறக்கணும் தாயி." அஞ்சுகம் கூடையை இறக்காமலேயே சிரித்தாள். "எனக்கு ஒருநாளு நடக்காம ஒக்காந்துருக்கணும்னு இருக்கு. ஒனக்கு நடக்கணும்னு இருக்கு. நாயி மட்டுந்தான் நெனச்சத செய்யுது."

வேலி இரண்டு நாளில் முடிந்தது. நல்ல வேலை. இரண்டு விரல்கூட நுழையாத பின்னல். கதவுக்கும் அதே வலை, வெளிப்பக்கம் தாழ்ப்பாள், அதில் ஒரு பூட்டு. சாவி அடுக்களை ஆணியில் தொங்கியது. அன்றிரவு சாப்பிடும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"யாகப்பன் ஒன்னய முகத்துவாரத்துல பாத்தாராம்." யாகப்பன் அவனுடைய ஆபீஸில் வேலை பார்க்கிறவர், கோயிலிலும் முதல் பெஞ்சு. "உங்க வீட்டம்மா நல்லா காத்து வாங்கிக்கிட்டு நின்னாங்கன்னார். பத்து பேருக்கு முன்னால சொல்றார். நல்லாவாம்."

"நான் முகத்துவாரத்துக்குப் போனதே இல்லீங்க. ஐஸ் கம்பெனியோட திரும்பிருவேன்."

"அவரு என்ன பொய்யா சொல்லுவாரு?"

"அப்ப நான் சொல்றனா?"

அவன் மோரை ஊற்றிப் பிசைந்தான். "நீ போனியா போகலியாங்கறது இல்ல சலோமி. பத்து பேரு சிரிச்சான். அதச் சொல்றேன்."

அவள் போயிருந்தால்கூட இத்தனை கோபம் வந்திருக்காது. போகாத இடத்துக்குத் தண்டனை. அந்த முகத்துவாரத்தைப் பார்க்காமலே பார்த்ததாக ஆகிவிட்டது. சோற்றுப் பானையை அவள் இறக்கிவைத்த சத்தத்தில் கொல்லையில் நாய் குரைத்தது. அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவனிடம் இல்லை. அவன் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. அதனால் யாரிடமும் போய் எதையும் சொல்லவும் முடியாது. நல்ல மனுஷன் என்று ஊரே எழுதிக் கொடுத்திருந்தது.

அந்த வாரம் அவள் ஒருநாள் நாய் இல்லாமல் நடந்து பார்த்தாள். காலையில் வாசலைத் தெளித்துவிட்டு, வாளியை வைத்துவிட்டு, அப்படியே நடந்தாள். அடுத்த வீட்டுச் செல்வம்மாள் படியில் நின்றிருந்தாள்.

"எங்க சலோமி?"

"சும்மாக்கா."

"சும்மான்னா?"

சலோமி முக்குக் கடைக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பினாள். வீட்டில் ஏற்கனவே நான்கு தீப்பெட்டி இருந்தது. ஐந்தாவதை அடுப்பு மேடையில் ஓங்கி அடித்தாள். குச்சிகள் சிதறின. ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்குகிறோமே என்று இன்னும் கோபம் வந்தது.

நாயாவது அவள் பக்கம் இருக்கும் என்று நினைத்தாள். அதுவும் இல்லை. முதல் நாள் கதவடியில் உட்கார்ந்து முனகியது. இரண்டாம் நாள் நான்கு மூலையிலும் மூத்திரம் போனது. மூன்றாம் நாள் வாழை நிழல் விழுகிற இடமாகப் பார்த்துப் படுத்துவிட்டது. நன்றாகச் சாப்பிட்டது. ஓடவே இல்லை. அவள் கம்பிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தாள். நீயும் பழகிட்டியா, என்றாள். அது வாலை ஒருமுறை தரையில் தட்டியது.

ஓடாதது பிலோமின்ராஜுக்கும் பிடிக்கவில்லை. அண்ணனுக்குப் போட்டோ அனுப்ப வேண்டும். நாய் தன் மைதானத்தில் ஓடுகிற போட்டோ. அண்ணன் விட்டுப்போன கேமராவில் இரண்டு மூன்று படம்தான் மிச்சமிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்கு உடுத்திக்கொண்டு வந்தான். அன்றைக்குப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பது அவன்தான். வெள்ளைச் சட்டை, சலவை மடிப்புக் கலையாத பேன்ட், பையில் பேனா. ஒரு ரப்பர் பந்தை எடுத்துக்கொண்டு வேலிக்குள் போனான்.

"நீ வெளிய நின்னு எடு. நான் பந்தப் போடுறேன், அது ஓடும். கதவச் சாத்திக்க, வெளிய வந்துரப் போவுது."

பந்தைப் போட்டான். மெதோர் பந்தைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, படுத்தே இருந்தது. அவனே ஓடிப்போய் பந்தை எடுத்துவந்து மறுபடி போட்டான். "ஓடு! ஏய், ஓடு!" நாய்க்குத் தமிழ் தெரியாது. அவனுக்குப் பிரெஞ்சு வராது. மூன்றாம் முறை அவன் தானே இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடிக் காட்டினான். தொப்பை குலுங்கியது. சட்டையின் பின்பக்கம் வெளியே வந்துவிட்டது. சலோமி கேமராக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் அவளுக்கு வயிற்றில் இருந்தது. அது அங்கிருந்து கைக்கு வந்தது. கதவை ஒரு சாண் திறந்தாள்.

"வியேன்," என்றாள், மெதுவாக.

நாய் எழுந்து வந்தது. அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். பூட்டைக் கோர்த்து அழுத்தினாள். சின்னச் சத்தம்தான்.

அவன் பந்தோடு நிமிர்ந்தான். முதலில் சிரித்தான். பிறகு கதவுக்கு வந்தான். "என்ன வெளையாட்டு இது? தொற. பூசைக்கு நேரமாச்சு."

அவள் கேமராவைத் தூக்கி ஒரு படம் எடுத்தாள். கம்பிக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை, கையில் பந்து. நன்றாக விழுந்திருக்கும். கேமராவைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தாள்.

"சலோமி." குரல் தாழ்ந்தது. கதவை ஆட்டவும் பயந்தான், கம்பி சத்தம் போடும். "சலோமி, தொறடி. யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க?"

"கூப்பிடுங்க," என்றாள். "செல்வம்மாக்கா அடுப்படியிலதான் இருக்காங்க. ஒரு சத்தம் போதும். வந்து தொறந்து விடுவாங்க."

அவன் செல்வம்மாள் வீட்டுப் பக்கச் சுவரைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

அவள் சங்கிலியை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கோயிலுக்குப் போகிற கூட்டம் எதிரே வந்தது. செல்வம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வாசல்படிக்கு வந்தாள்.

"என்ன, நாய இனிமே உள்ளயே விடுறதுன்னு ஒங்க வீட்டுக்காரரு சொன்னாரு?"

"இன்னக்கி இது வெளிலக்கா."

"அவரு எங்க? இன்னக்கி அவரு வாசகமாச்சே."

"உள்ளதான் இருக்காரு," என்றாள் சலோமி.

மார்க்கெட்டின் பின்பக்கம் தாண்டியபோது பூசைக்கு முதல் மணி அடித்தது. கால்கள் கொஞ்சம் தயங்கின. அவன் இப்போது பேனாவால் பூட்டை நெம்பிப் பார்த்துக்கொண்டிருப்பான். வலைக்குக் கீழே குனிந்து பார்த்திருப்பான். வேலைக்காரர்கள் முழங்கால் ஆழம் புதைத்திருந்தார்கள், அவன்தான் பக்கத்தில் நின்று புதைக்கச் சொன்னான். கத்த மாட்டான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இன்றைக்குச் சாயங்காலம் என்ன நடக்கும் என்று யோசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

அஞ்சுகம் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூடை கனத்தது.

"ஒரு வாரமா ஆளக் காணும்? நாயிக்கு ஒடம்பு சரியில்லியோன்னு நெனச்சேன்."

"நாயிக்கு ஒண்ணுமில்ல."

அஞ்சுகம் அவள் முகத்தைப் பார்த்தாள். வழக்கமான கேலி வரவில்லை. "போ," என்றாள். "தண்ணி வடியிற நேரம். மணலு நல்லா கெட்டியா இருக்கும்."

ஐஸ் கம்பெனிச் சுவர் வந்தது. மெதோர் பழக்கத்தில் தானாகத் திரும்பியது. அவள் திரும்பவில்லை. சங்கிலி இழுபட்டது. நாய் ஒருகணம் நின்று குழம்பிவிட்டு அவள் பின்னால் வந்தது. சுவருக்கு அப்பால் புதர் குறைந்தது, பாதை அகன்று மணலாகி, ஆறு இரண்டு பக்கமும் கையை விரித்துக்கொண்டு கடலில் போய் விழுந்தது. பழுப்புத் தண்ணீரும் நீலத் தண்ணீரும் சேருகிற இடத்தில் ஒரு கோடு. மேலே ஆலாப் பறவைகள். இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்கா இத்தனையும் என்று கோபம் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தது. காற்று முந்தானையைப் பிடுங்கியது. அவள் அதை இழுத்துச் செருகவில்லை.

கொக்கியை அவிழ்த்தாள். மெதோர் ஓடியது. பந்துக்கு ஓடாத நாய், ஈர மணலில் வயிறு தரையில் படுகிற மாதிரி நீண்டு நீண்டு ஓடியது. வெகுதூரம் போய் நின்று, திரும்பி, காதை உயர்த்திக்கொண்டு அந்த ஒரு சொல்லுக்காகக் காத்தது.

ஊர்ப் பக்கமிருந்து இரண்டாம் மணி காற்றோடு வந்தது, விட்டுவிட்டு. அவள் கூப்பிடவில்லை. சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, நாய் போன திசைக்கு எதிர்த் திசையில், தண்ணீர் ஓரமாக நடக்க ஆரம்பித்தாள்.